சேற்றில் முளைத்த ஊசிகள்

என் அக்கா என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டால் எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு பதில் கிடைக்கும். அம்மா "கடல் ஆபீஸ்ல இருக்கா" என்பாள். நான் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்கார்ந்திருப்பவள். பல்வலியோடு வருகிறவர்களிடம்கூட "எங்கக்கா விஞ்ஞானி" என்று ஒரு வார்த்தை போட்டுவைப்பேன். அத்தான் மட்டும் "சேறு கழுவுறா" என்பார். உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது அவர் பதில்தான்.

துறைமுகத்தை ஒட்டிய கடலாய்வு நிறுவனத்தின் இரண்டாவது மாடியில் அவளுடைய அறை இருந்தது. கப்பலில் போகிறவர்கள் கடலடிச் சேற்றில் நீளமான குழாய்களை இறக்கி, சேற்றை உருளை உருளையாக எடுத்து வருவார்கள். அதை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, பிளாஸ்டிக் தாள் சுற்றி, அடித்தளத்துக் கிடங்கில் அடுக்குவார்கள். அக்கா அங்கிருந்து ஒரு துண்டை வெட்டி வந்து, குழாயடியில் சல்லடையில் போட்டுக் கழுவுவாள். களிமண்ணெல்லாம் ஓடிவிடும். மிஞ்சியதை உலர்த்தி நுண்ணோக்கியின் அடியில் பரப்பி, மெல்லிய தூரிகையின் நுனியை ஈரப்படுத்தி, ஒவ்வொரு மணியாகத் தொட்டு எடுப்பாள். கண்ணுக்குத் தெரியாத சிப்பி ஓடுகள் ஒரு பக்கம். பித்தளைத் தூள் போல மின்னும் பைரைட் ஒரு பக்கம். கழுத்து வலி வராத வாரம் கிடையாது.

"அந்த மினுமினுப்பான தூளை வச்சு என்னக்கா பண்ணுவ?" என்று ஒருமுறை கேட்டேன். என் வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"கடலுக்கு அடியிலேருந்து மீத்தேன் வாயு மேல கசியுது. கடல் தண்ணில இருக்கற சல்பேட் மேலேருந்து சேத்துக்குள்ள இறங்குது. மாடிப்படில ஒருத்தன் ஏறி வர்றான், ஒருத்தன் இறங்கி வர்றான், நடுவுல முட்டிக்கிறாங்கனு வச்சுக்கோ. அந்த எடத்துல இருக்கற கிருமிங்க ரெண்டையும் தின்னுட்டு அழுகின முட்டை நாத்தத்த விடும். சேத்துல இருக்கற இரும்பு அதோட சேந்தா பைரைட். சண்டை முடிஞ்சு ஆளுங்க போயிட்டாலும் படில தெறிச்ச பட்டன், ஒத்தச் செருப்புன்னு கெடக்கும்ல? அதைத்தான் நான் பொறுக்குறேன்."

"வாயு ஜாஸ்தியா வந்தா?"

"ஏறி வர்றவன் பலசாலினா இறங்குறவன மேலயே தள்ளிட்டுப் போயிருவான். சண்டை மேல்படில நடக்கும். பைரைட் பட்டை எவ்ளோ மேல இருக்கோ, கசிவு அவ்ளோ பலம்."

எனக்கு அதற்குமேல் வேண்டியிருக்கவில்லை. இத்தனை தெளிவாகச் சொல்கிறவள் ஏன் கல்லூரியில் பாடம் நடத்தப் போகவில்லை என்று தோன்றியது. ஆனால் அவள் மனிதர்களோடு பழகும் விதத்தை நினைத்தால் அந்தக் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும். "சுமாரா பத்து பேர் வந்தாங்க" என்று யாராவது சொன்னால், "ஒம்போதா, பதினொண்ணா?" என்பாள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், நல்ல பெண்தான், ஆனால் குறட்டை விடுவாள் என்று அவர்கள் கேட்காமலேயே சொன்னவள் அவள். அந்த இடம் தட்டிப்போகாதது என் அதிர்ஷ்டம். சேற்றைச் சலிக்க விதவிதமாகச் சல்லடை வைத்திருந்தவளுக்கு வாயில் மட்டும் ஒன்றுகூடக் கிடையாது.

அத்தான் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் இருந்தார். "நான் ஆளுங்கள மேல ஏத்துறேன், உங்கக்கா அடியில என்ன இருக்குனு பாக்குறா. சாப்பாட்டு மேசைல மட்டும்தான் ரெண்டு பேரும் ஒரே மாடி" என்பார். அவள் பேச்சை அவர் ரசித்தார். ஆரம்பத்தில்.

அப்போது அக்காவுக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. பைரைட் நிறைந்த பட்டைகளில், கண்ணாடி ஊசி போன்ற படிகங்கள் நட்சத்திரம் மாதிரி கொத்துக்கொத்தாக இருப்பதைக் கவனித்தாள். ஜிப்சம். கடலடிச் சேற்றில் அது சாதாரணமாக உண்டாகாது. யோசித்து யோசித்து ஒரு விளக்கம் கண்டுபிடித்தாள். கசிவு ஒரு காலத்தில் பலமாகவும் ஒரு காலத்தில் மந்தமாகவும் இருந்திருக்கும். மந்தமான காலத்தில் பிராணவாயு கலந்த கடல்நீர் உள்ளே இறங்கி, பைரைட்டில் கொஞ்சம் துருப்பிடித்து அமிலம் உண்டாகியிருக்கும். அது சிப்பி ஓடுகளைக் கரைத்திருக்கும். கரைந்த சுண்ணாம்பும் சல்பேட்டும் சேர்ந்து ஜிப்சம் ஆகியிருக்கும். ஆகவே இந்த ஊசி கிடைக்கும் இடமெல்லாம் வாயு கசிந்த இடம்.

துறைத்தலைவருக்கு இது தேன் குடித்த மாதிரி இருந்தது. எப்போதும் மடிப்புக் கலையாத சட்டை போட்டு, யார் பேசினாலும் இரண்டாவது வாக்கியத்திலேயே குறுக்கிடும் மனிதர். "பைரைட்டை அளக்க மெஷின் வேணும், ஆள் வேணும். இது அப்படி இல்ல. கையில ஒரு லென்ஸ் இருந்தா போதும், எவனும் கண்டுபிடிச்சிருவான்!" என்று மேசையைத் தட்டினார். கட்டுரை வெளியானது. முதலில் அக்கா பெயர், கடைசியில் அவர் பெயர். ஒரு பரிசும் கொடுத்தார்கள். அந்த ஊசிக் கொத்தின் படத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி நிறுவனத்தின் நுழைவுக் கூடத்தில் மாட்டினார்கள். அம்மா அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள். "பூ மாதிரி இருக்கே" என்றாள்.

அந்தக் கட்டுரையின் பிற்பாதியில் வேறொரு விஷயமும் இருந்தது. வடக்குப் பக்கம் போகப்போக பைரைட் பட்டை உருளைக்கு உருளை மேலே ஏறி வருகிறது, எனவே வடக்குச் சரிவில் கசிவு பலமாக இருக்க வேண்டும் என்று அக்கா எழுதியிருந்தாள். அதை யாரும் பேசவில்லை. ஊசிகளின் பளபளப்புக்கு முன்னால் பைரைட் தூளை யார் பார்ப்பார்கள்? அக்காவே அவ்வளவாகப் பார்க்கவில்லை.

கசிவைத் தேடிப் போக ஒரு கப்பலுக்கு அனுமதி வந்தபோது எங்கே தோண்டுவது என்ற பேச்சு எழுந்தது. ஜிப்சம் மிக அதிகமாக இருந்தது தெற்கே எடுத்த ஒரு பழைய உருளையில். தலைவர் அங்கேதான் என்றார். அக்காவும் சரி என்றாள். அவளோடு அதே அறையில் வேலை பார்த்த, வாசற்படியில் தலை இடிக்கும் உயரக்காரர் ஒருவர் இருந்தார். நாங்கள் அவரை நெட்டை என்போம். "வடக்கையும் ஒரு தடவ பாத்துட்டு வரலாமே மேடம்" என்று அவர் ஒரே ஒரு முறை இழுத்தார். நேரம் இல்லை என்று முடித்துவிட்டார்கள்.

அதே சமயத்தில்தான் அத்தானுக்கு வேறொரு ஊரில் கிளை மேலாளராகப் போகும் வாய்ப்பு வந்தது. பத்து வருடமாக எதிர்பார்த்தது. அக்கா ஒன்றும் கேட்கவில்லை. அவரேதான் வேண்டாமென்றார். "இவ கப்பல்ல போற நேரத்துல வீட்டத் தூக்கிட்டு எங்க போறது? அடுத்த தடவ பாத்துக்கலாம்."

கப்பலில் அக்கா முதல் நான்கு நாள் வாந்தி எடுத்தாள். அதன் பிறகு எழுந்து நின்று, மேலே வந்த உருளைகளை அங்கேயே பிளந்து, அங்கேயே கழுவிப் பார்த்தாள். பைரைட் இருந்தது. ஜிப்சம் ஒரு ஊசிகூட இல்லை. வாயுவும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. தலைவர் கரையிலிருந்து தொலைபேசியில், "கப்பல் ஆட்டத்துல என்ன தெரியும்? கொண்டு வா, இங்க பாப்போம்" என்றார்.

கொண்டுவந்து கிடங்கில் அடுக்கினார்கள். மற்ற வேலைகளெல்லாம் முடிந்து அதே உருளைகளை மறுபடி எடுக்க அரை வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒரு காலை நேரம், நெட்டையும் அவளுமாக ஒன்றைப் பிரித்தார்கள். கழுவி, உலர்த்தி, நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள். ஊசிகள். கொத்துக்கொத்தாக, பூப்பூவாக.

தலைவர் ஓடி வந்து பார்த்தார். "நான் சொன்னேன்ல! கப்பல்ல சரியா கழுவியிருக்க மாட்டீங்க." நெட்டையின் முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

அக்கா நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாளாம். நெட்டை பிறகு எங்களிடம் சொன்னது இது. "அப்புறம் மேடம் எழுந்து கிடங்குக்குப் போனாங்க. கதவுப் பக்கத்துல நின்னு அடுக்கையே பாத்துட்டிருந்தாங்க."

அவள் பார்த்தது இதுதான். ஜிப்சம் மிக அதிகமாக இருந்த அந்தத் தெற்கு உருளை, கிடங்கிலேயே பழையது. கதவை ஒட்டிய அடுக்கில், ஆட்கள் வரும்போதெல்லாம் வெளிக்காற்று படும் இடத்தில் இருந்தது. உள்ளே தள்ளி, சுவரோரம் இருந்தவற்றில் ஊசி குறைவு. அந்தக் கிடங்கின் ஏசி பாதி நாள் ஓடாது. பிளாஸ்டிக் தாள் சுருங்கி ஓரங்களில் வாய் பிளந்திருக்கும். உள்ளே காற்றுப் புகுந்திருக்கிறது. பைரைட்டில் துருப்பிடித்து அமிலம் கசிந்திருக்கிறது. அமிலம் சிப்பியைத் தின்றிருக்கிறது. அக்காவின் விளக்கத்தில் ஒவ்வொரு படியும் சரி. நடந்த இடம்தான் தவறு. கடலுக்கு அடியில் பல்லாயிரம் வருடத்துக்கு முன்னால் நடந்ததாக அவள் எழுதியது, அவளுடைய அறைக்கு மூன்று மாடி கீழே நடந்திருக்கிறது.

சந்தேகத்தை மட்டும் வைத்துக்கொண்டு பேசுகிறவள் அல்ல. புதிதாக வந்த ஒரு உருளையின் துண்டுகளில் பாதியைக் காற்றுப் புகாத பைகளில் நைட்ரஜன் நிரப்பி மூடினாள். பாதியைச் சாதாரணமாகத் தாள் சுற்றிப் பக்கத்திலேயே வைத்தாள். மாதக்கணக்கில் காத்திருந்தாள். அந்த நாட்களில் எங்கள் வீட்டுக்கு வந்தால் தட்டில் போட்டதைச் சாப்பிட்டுவிட்டு, என்ன சாப்பிட்டோம் என்று தெரியாமல் எழுந்து போவாள். கடைசியில் பிரித்துப் பார்த்தபோது பைகளில் இருந்தவற்றில் ஒன்றுமில்லை. தாள் சுற்றியவற்றில் ஊசி முளைத்திருந்தது.

தலைவரிடம் போனாள். கதவு திறந்திருந்தது, நெட்டைக்கு எல்லாம் கேட்டது.

"சார், நம்ம ஜிப்சம் கடல்ல உண்டானது இல்ல. கிடங்குல உண்டானது."

"யாரு சொன்னா?"

"நான் சொல்றேன். வச்சுப் பாத்துட்டேன்."

"இத வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இன்னும் இல்ல."

"அப்ப சொல்லாத. ரெண்டாவது கப்பலுக்கு அனுமதி மேல போயிருக்கு. இந்த நேரத்துல போய்... நம்ம கட்டுரையத் தப்புன்னு வேற எவனாவது நிரூபிக்கட்டும். அதுக்குள்ள நாம வேற வேலைக்குப் போயிருப்போம்."

"அதுவரைக்கும் நாலு பேரு நம்ம பேச்ச நம்பி கப்பல் எடுத்துட்டுப் போவாங்க சார்."

"போகட்டுமே! கடலுக்குப் போறவன் கடலுக்குத்தான் போவான். உனக்கு என்ன வலிக்குது?"

அக்கா அன்று சாயங்காலமே, கட்டுரையை வெளியிட்ட ஆய்வுப் பத்திரிகைக்கு அது தவறு என்று எழுதிவிட்டாள். ஜிப்சம் பற்றிய பகுதியை மட்டும் நீக்கிவிட்டு, பைரைட் பற்றிய பகுதியை வைத்துக்கொள்ள முடியுமா என்றும் கேட்டிருந்தாள். முடியாது, திரும்பப் பெற்றால் முழுதாகத்தான் என்று பதில் வந்தது. சரி என்றாள்.

தலைவரும் கையெழுத்துப் போட்டார். போடாமல் என்ன செய்வார்? ஆனால் அவர் சேர்த்த ஒரு வரியில், மாதிரிகளைச் சேமித்ததில் நேர்ந்த கவனக்குறைவே தவறுக்குக் காரணம் என்று இருந்தது. உடனே நிறுவனத்தில் ஒரு விசாரணைக் குழு உட்கார்ந்தது. சேமித்தது யார்? உருளைகளை எடுத்து வைப்பது யார் வேலை? ஏட்டில் அக்கா பெயர்தான் இருந்தது. ஏசிக்காக அக்கா எத்தனை முறை சண்டை போட்டாள் என்பது எல்லோருக்கும் தெரியும். குழுவில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும். ஒருவர் அவளிடமே, "நீங்க கேட்டது ஞாபகம் இருக்கு, ஆனா அது இந்த விசாரணைக்குள்ள வராது" என்று வருத்தத்தோடு சொன்னார். பிறகு தேநீர் வரவழைத்துக் கொடுத்தார்.

அவளை ஆய்வகத்திலிருந்து எடுத்து, பள்ளிக் குழந்தைகளுக்குக் கண்காட்சிக் கூடத்தைச் சுற்றிக் காட்டும் வேலையில் போட்டார்கள். திமிங்கலத்தின் தாடை எலும்பு, கண்ணாடிப் பெட்டியில் ஒரு பழைய மூழ்கு உடை, குழந்தைகள் அழுத்தி அழுத்தி உடைத்த பொத்தான்கள். நுழைவில் அந்த ஊசிப் படம் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. கழற்றச் சொல்லி அவளே இரண்டு முறை கேட்டாள். ஏணி இல்லை என்றார்கள்.

வீட்டில் அத்தான் பல நாள் பேசாமல் இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது வெடித்துவிட்டது. துணி மடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ஒரே ஒரு தடவ வாய மூடிட்டு இருந்திருக்கலாம்ல?"

"தெரிஞ்சப்புறம் எப்படிங்க மூடுறது?"

"எனக்கு மட்டும் ஒண்ணும் தெரியாதா? நான் மூடிட்டு இல்லையா? அந்த வேலைய விட்டப்ப நான் ஏதாவது சொன்னேனா?"

"நான் விடச் சொல்லலையே."

"சொல்லல. அதான் சொல்றேன். நீ எதையும் சொல்ல மாட்ட. கேட்டா உண்மைய மட்டும் சொல்லுவ. உன்கூட இருக்கறது தராசுல உக்காந்த மாதிரி இருக்கு."

அக்கா துணிக் குவியலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவர் விட்ட இடத்திலிருந்து துணியை எடுத்து மடித்தாள். நான் ஏதோ சாக்குச் சொல்லிக் கிளம்பிவிட்டேன். அவர்கள் பிரியவில்லை. ஆனால் அந்த வீட்டில் அதற்குப் பிறகு லிஃப்ட் ஜோக்கை நான் கேட்கவில்லை.

இரண்டாவது கப்பல் கிளம்பியது. இந்த முறை தலைவர் வடக்குச் சரிவுக்கு அனுப்பினார். பைரைட் பட்டை மேலேறி வரும் திசையைப் பிடித்துக்கொண்டே போனார்கள். நெட்டைதான் தலைமை. அங்கே கடல்தரையில் வெள்ளைவெள்ளையாகச் சுண்ணாம்புப் பாறைகள் பாளம்பாளமாக வெடித்துக் கிடந்தன. அவற்றின் இடுக்குகளிலிருந்து வாயு மணிமணியாகக் கிளம்பிக்கொண்டிருந்தது. தொலைக்காட்சியில் காட்டினார்கள். இருட்டில் கேமரா வெளிச்சம் விழுகிறது, வெள்ளிச் சங்கிலி போலக் குமிழிகள் மேலே போகின்றன. தலைவர் மடிப்புக் கலையாத சட்டையில் வந்து, கனிமங்களைப் படித்தால் கடல் தானாகப் பேசும் என்றார்.

நான் அக்காவுக்குப் போன் செய்தேன். "பாத்தேன்" என்றாள். "கொஞ்சம் மேற்கால போயிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஒரு மாதம் கழித்து நெட்டை இனிப்புப் பெட்டியோடு வந்தார். அன்று நானும் அங்கே இருந்தேன். குனிந்து உள்ளே வந்தவர் உட்காரும் முன்பே ஆரம்பித்தார்.

"அக்கா, இது உங்களாலதான். எல்லாருக்கும் தெரியும்."

"புதுக் கட்டுரைல அதப் போட்டிருக்கா தம்பி?"

அவர் பெட்டியை மேசையில் வைத்தார், திரும்ப எடுத்தார், மறுபடி வைத்தார். "எப்படிக்கா போட முடியும்? திரும்பப் பெற்ற கட்டுரைய ஆதாரமா காட்டக் கூடாதே. இல்லாத கட்டுரைதானே அது."

"ஆமா. இல்லாததுதான்."

அவர் இன்னும் எதையோ சொல்ல வந்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. வந்தது. பத்திரிகைக்காகப் புதுக் கட்டுரையைப் பரிசீலித்தவர் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாராம். இந்த உருளைகளும் சேமிப்பில் மாறிப்போகவில்லை என்று எப்படி நம்புவது? பைகளில் மூடி வைத்து அக்கா செய்து பார்த்த சோதனை மட்டும்தான் அதற்குப் பதில். அந்தத் துண்டுகள் எந்த அடுக்கில் இருக்கின்றன, எதை எதோடு ஒப்பிட்டாள் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

நான் இனிப்புப் பெட்டியைப் பார்த்தேன். "இனிப்பு அதுக்குத்தானா?" என்று கேட்டே விட்டேன். அவர் முகம் சுருங்கியது. நல்ல மனிதர்தான். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. ஒரு தாளை எடுத்து அடுக்கின் படத்தை வரைந்து, எந்தப் பை எங்கே என்று குறித்து, நிதானமாக விளக்கினாள். அவர் கேட்கக்கூட நினைக்காத இரண்டு விஷயங்களையும் சொன்னாள். அவர் போன பிறகு நான் கத்தினேன்.

"உனக்குச் சூடு சொரணையே கெடையாதாக்கா?"

"இருக்கு. ஆனா அந்தக் கட்டுரை சரியான கட்டுரைடி. என் மேல இருக்கற கோவத்துக்கு அது தப்பாப் போகணுமா?"

"உன் மேல யாருக்குக் கோவம்? உனக்குத்தானே அவங்க மேல கோவம் இருக்கணும்?"

"எனக்குத்தான். அவங்க மேலயும் இருக்கு" என்றாள். இனிப்புப் பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்துத் தின்றாள். மெதுவாக, முழுவதும். பிறகு கை கழுவப் போனவள் நெடுநேரம் குழாயை மூடவில்லை.

கட்டுரை வந்தது. கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், மாதிரிகளைப் பராமரிப்பதில் உதவியவர்களுக்கு நன்றி என்று ஒரு வரி. ஐந்து பெயர்கள். கிடங்குக் காவலாளிக்கும் டிரைவருக்கும் நடுவில் அக்காவின் பெயர், ஒரு எழுத்து பிழையாக. அவள் அந்த வாரமே விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தாள். தலைவர் ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொல்லவில்லை.

இப்போது அவள் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறாள். பழைய துணிக்கடைக்கு மேலே இரண்டு அறை. அடுக்குமாடி கட்டுகிறவர்கள், விடுதி நடத்துகிறவர்கள், சின்னத் தொழிற்சாலைக்காரர்கள் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவருவார்கள். இதைக் குடிக்கலாமா, கூடாதா என்பதுதான் அவர்களுக்கு வேண்டும். போன வாரம் நான் அவளைப் பார்க்கப் போயிருந்தபோது ஒரு கட்டடக்காரர் நின்றுகொண்டிருந்தார். அவருடைய தண்ணீரில் ஏதோ ஒன்று அளவுக்கு மேல் இருந்ததாம்.

"கொஞ்சூண்டுதானே மேடம். குறைச்சுப் போட்டுக் குடுங்க. சுமாரா சரிதானே?"

அக்கா தலை நிமிராமல், "சுமாரா சரி கெடையாது" என்றாள்.

அவர் கோபப்படவில்லை. பாட்டிலை மேசையிலிருந்து எடுத்து, மூடியைத் திருகிக்கொண்டு, சிரித்தபடியே படி இறங்கினார். அடுத்த தெருவில் இன்னொரு பரிசோதனைக் கூடம் இருக்கிறது.